குன்னூரில் ஒரு நிமிஷத்துக்கு 72 விநாடி: நேரம் வைத்து ஓடும் பழைய பின்பால் மெஷினை மலை வீட்டில் ஓட வைப்பது எப்படி

பின்பால் மெஷின் என்பது, கண்ணாடிக்கு அடியில் சாய்ந்த பலகையில் உருளும் இரும்புப் பந்தை ஃபிளிப்பர் என்ற இரண்டு துடுப்புகளால் அடித்துப் புள்ளி சேர்க்கிற ஆட்டப் பெட்டி. அது என்றால் மூன்று பந்து அல்லது ஐந்து பந்து, அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் சொல்லப்போவது அந்த வகை இல்லை. பந்துக்குக் கணக்கே கிடையாது, கடிகாரத்துக்குத்தான் கணக்கு. பந்து குழியில் விழுந்தால் திரும்ப வரும், இன்னொரு தடவை விழுந்தாலும் வரும், ஆனால் அதற்குள் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். வில்லியம்ஸ் கம்பெனி 1973இல் விட்ட ட்ராவல் டைம் இந்த வகை. காட்லீப் கம்பெனி 1980இல் விட்ட ஜேம்ஸ் பாண்ட் 007 இந்த வகை. அப்புறம் ரொம்ப நாள் கழித்து, 1996இல், பாலி என்ற கம்பெனிப் பெயரில் பாட் லாலர் வடிவமைத்த சேஃப் கிராக்கர். இந்தக் குடும்பம் ரொம்பப் பெரியது இல்லை. பந்துக் கணக்குக்குப் பழகியவர்களில் பாதிப் பேருக்கு இது பிடிக்காது. பிடித்தவர்களுக்கோ வேறு எதுவும் பிடிக்காது, நான் அந்த ரகம்.

என் மெஷின் ரிலேயும் (மின்காந்தத்தால் திறந்து மூடும் சுவிட்ச்) மோட்டாரும் வைத்து ஓடுகிற பழைய ரகம், உள்ளே ஒரு சிப்புகூடக் கிடையாது. மாடல் பெயரைச் சொன்னால் விலை கேட்டு ஆள் வந்துவிடும், அதனால் சொல்ல மாட்டேன். எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது, பில்லியர்ட்ஸ் மேஜைக்குப் போட்டி போட்டவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மூலையில், தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. கீழே கோவையில் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு குன்னூருக்கு ஏற்றினேன். ஆறு வருடமாக இங்கே ஓடுகிறது. இந்த ஆறு வருடத்தில் கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயம் இதுதான்: பந்துக் கணக்கு மெஷினில் ஒரு சுவிட்ச் சோம்பேறியாக இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நேரக் கணக்கு மெஷினில் அந்தச் சோம்பேறித்தனம் ஆடுகிறவனின் கணக்கில் போய் விழும். அதனால் இதைப் பழுது பார்ப்பது என்பதே, விநாடி எங்கெங்கே ஒழுகுகிறது என்று தேடிப்பிடித்து அடைக்கிற வேலை.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டப் பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். கீழே வயர்கள் வெட்டப்பட்டிருந்தால், யாராவது இஷ்டத்துக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தால், விலையைப் பாதியாக்குங்கள் அல்லது கிளம்புங்கள். துரு, எலி, பூஞ்சை மூன்றும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், மூன்றையும் சரி செய்யலாம். வெட்டின வயரைத்தான் லேசில் சரி செய்ய முடியாது. பெட்டிக்குள் மடித்துப் போட்ட வயரிங் வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் காசுப் பெட்டிக்குப் பின்னால் கசங்கிக் கிடக்கும். அது இருந்தால் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம், தப்பில்லை.

ஏற்றிக்கொண்டு வருவது தனிக் கதை. எடை நூறு கிலோவைத் தாண்டும். பின்னால் நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியைத் தாங்கும் போல்ட்டுகளைக் கழற்றி, நடுவில் இருக்கும் பிளக்குகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள். போட்டோ எடுத்திருக்கிறேனே என்று விட்டுவிடாதீர்கள், போட்டோவில் வயரின் நிறம் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். கால்களைக் கழற்றுங்கள், மேல் கண்ணாடியை உருவி எடுத்துக் கம்பளியில் தனியாகச் சுற்றுங்கள். அப்புறம் முக்கியமானது: பந்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லை. மேட்டுப்பாளையத்தில் குட்டி யானையில் ஏற்றினோம், கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே உள்ளே 'டங்'கென்று ஒரு சத்தம். சரி, ஏதோ ஸ்குரூ என்று நினைத்தேன். பர்லியாறு வருவதற்குள் எண்பது கிராம் இரும்புக் குண்டு பலகையில் இருந்த பிளாஸ்டிக் துண்டுகளில் மூன்றை உடைத்துவிட்டது. அந்த மூன்றும் இன்றைக்கும் ஃபெவிக்விக் போட்டுத்தான் நிற்கின்றன. மசினகுடி வழியாகக் கல்லட்டியில் ஏற்றலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், முப்பத்தாறு கொண்டை ஊசி இருக்கிறது.

வீட்டுக்குள் எங்கே வைப்பது? வெளிச்சுவர் ஓரமாக வேண்டாம். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் வியர்க்கும், ஊட்டிப் பக்கம் என்றால் ஆடியிலேயே அந்தக் கதை ஆரம்பித்துவிடும். வீட்டின் நடுச்சுவர் ஓரமாக, கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்து நிறுத்துங்கள். பெட்டிக்குள் ஈரம் சேராமல் இருக்க, கடையில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நம்பினால் வாரம் ஒரு தடவை வாணலியில் வறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் செய்வது பழைய வழி: உள்ளே ஒரு ஓரத்தில், மரத்தையும் வயரையும் தொடாதபடி கம்பிக் கூண்டு போட்ட ஒரு சின்ன குண்டு பல்பு, மழைக்காலம் முழுக்க எரிந்துகொண்டே இருக்கும். பெட்டியின் உள்சூடு வெளியை விட இரண்டு மூன்று டிகிரி கூட இருந்தாலே காண்டாக்டுகளில், அதாவது சுவிட்சுகளின் தொடுமுனைகளில், பனி படியாது. எல்.இ.டி. பல்பு போடாதீர்கள், இங்கே நமக்கு வேண்டியது வெளிச்சம் இல்லை, சூடு.

இப்போது மின்சாரம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், கதையின் சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. அமெரிக்க மெஷின் என்றால் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஐரோப்பாவுக்கு என்று ஏற்றுமதி ஆனவற்றில் டிரான்ஸ்ஃபார்மரிலேயே 220 வோல்ட் இணைப்பு இருக்கலாம், முதலில் அதைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். குறைந்தது 500 வி.ஏ. (வோல்ட் ஆம்பியர்), அதுவும் இரண்டு சுருளும் தனித்தனியாக இருக்கிற ஐசொலேஷன் வகை. யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற மாதிரி இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். இன்னொரு விஷயம், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரும், இரும்புத் தண்டை இழுக்கும் கம்பிச் சுருள்களான காயில்களும் நம்முடைய 50 ஹெர்ட்ஸில் கூடச் சூடாகும், கூட ரீங்காரம் போடும். அதனால் 115 கொடுப்பதற்குப் பதிலாக 105, 110 என்று கொஞ்சம் குறைத்தே கொடுங்கள். வைண்டிங் கடையில் சொன்னால் 100, 105, 110, 115 என்று நாலு இணைப்பு (டேப்) எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்குவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான், சீசனில் எல்லா காட்டேஜிலும் ஹீட்டர் போட்டால் கேட்கவே வேண்டாம். அப்போது ஃபிளிப்பர் சோர்ந்து போகும். அதற்கு மெஷினுக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மரில் ஹை டேப் என்று ஒன்று பல மாடல்களில் உண்டு. அதற்கு மாற்றுவதற்கு முன்னால் மீட்டரை வைத்து இரண்டு மூன்று நாள் மாலையில் அளந்து பாருங்கள்.

எர்த். பழைய மெஷின்களில் இரண்டு முள் பிளக்தான் வந்திருக்கும். காசு போடும் கதவு, பக்கவாட்டு இரும்புப் பட்டை, கால்கள், பந்தை ஏவ இழுத்து விடும் கம்பியான பிளஞ்சர் எல்லாமே உலோகம், எல்லாமே ஆடுகிறவன் கை படுகிற இடம். மூன்று முள் பிளக் மாற்றி, இந்த எல்லா உலோகத்தையும் பச்சை வயரால் சேர்த்து எர்த்தோடு இணையுங்கள். ஈரத் தரை, வெறுங்கால், மழை நாள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. பலகையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே ஓடுவது 24 வோல்ட்தானே என்று ஒருவர் கையை விட்டார், டிரான்ஸ்ஃபார்மர் முனையும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது என்பதை அப்புறம் தெரிந்துகொண்டார். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ், பெரியது போடக்கூடாது, சிகரெட் அட்டைத் தாளைச் சுற்றவும் கூடாது. சிரிக்காதீர்கள், என் மெஷினில் அதுதான் இருந்தது.

சுத்தம் செய்வதில் பெரிய தவறு, எல்லாவற்றிலும் எண்ணெய் அடிப்பது. டபிள்யூ.டி. ஃபார்ட்டி டப்பாவை மெஷின் இருக்கிற அறைக்கே கொண்டு வராதீர்கள். காயிலுக்குள் போய் வரும் இரும்புத் தண்டுக்கு எண்ணெயே தேவையில்லை, நைலான் குழாய்க்குள் உலர்ந்துதான் ஓட வேண்டும், எண்ணெய் பட்டால் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். ரிலேக்களிலும் பலகைக்கு அடியிலும் இருக்கிற தகட்டுக் காண்டாக்டுகளுக்கு ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து, விரலால் லேசாக அழுத்தி, இழுங்கள். கார்டு கறுப்பாக வரும். கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் இழுங்கள். ஃபிளிப்பரின் பெரிய காண்டாக்டுகள் மட்டும் டங்ஸ்டன், அவற்றுக்கு மெல்லிய அரம் வேண்டும், கார்டு போதாது. சிப்பு வைத்த மெஷினில் தங்க முலாம் பூசிய காண்டாக்டுகள் இருக்கும், அவற்றில் அரம் பட்டால் அத்தோடு முடிந்தது, கார்டு மட்டும்தான்.

ஸ்டெப்பர் என்று ஒன்று உண்டு, கடிகாரக் கணக்கையும் மதிப்பெண்ணையும் ஒவ்வொரு பல்லாக நகர்த்தி வைத்துக்கொள்கிற சக்கரம். நேரக் கணக்கு மெஷினின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன் வைத்த கிரீஸ் இன்றைக்கு மெழுகாகி இருக்கும். கோவையில் அது எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. இங்கே மார்கழிக் காலையில், புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்துக் கிடக்கும்போது, அந்த மெழுகு கல்லாகிவிட்டது. ஸ்டார்ட் அமுக்கினால் கடிகாரம் 60க்குத் திரும்பாமல் 43இல் நின்றது. மெஷின் கெட்டுவிட்டது என்று மூன்று நாள் வயரைத் துருவினேன், நாலாம் நாள் மத்தியானம் வெயில் ஜன்னல் வழியாக விழுந்ததும் தானாகவே ஓட ஆரம்பித்தது. குளிரில் மட்டும் வரும் கோளாறு என்றால் முதலில் கிரீஸைச் சந்தேகப்படுங்கள். ஸ்டெப்பரைக் கழற்றி, ஐ.பி.ஏ.வில் பழைய பசையை முழுக்க எடுத்து, அச்சு உட்காரும் இடத்தில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பற்களில் வேண்டாம். திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங்கை எத்தனை சுற்று முறுக்கியிருந்தது என்று கழற்றும்போதே எண்ணி வையுங்கள்.

சரி, இப்போது ஒழுகும் விநாடிகள். போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நோட்டும் வேண்டும். முதல் சோதனை, ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டுப் பந்தைத் தொடாமல் விடுங்கள். கடிகாரம் அப்போதே ஓடுகிறதா, இல்லை முதல் புள்ளி விழுந்த பிறகுதான் ஓடுகிறதா? உங்கள் மெஷின் எப்படியென்று தெரியாமல் எதையும் அளக்க முடியாது. இரண்டாவது, பந்து குழியில் விழுந்ததில் இருந்து பிளஞ்சர் முன்னால் வந்து நிற்கும் வரை எவ்வளவு நேரம்? பத்துத் தடவை அளந்து எழுதுங்கள். என் மெஷினில் ஆரம்பத்தில் நாலேமுக்கால் விநாடி இருந்தது. குழியின் அடியில் இருக்கிற சுவிட்ச் பந்தின் எடைக்கு உடனே மூடவில்லை, பந்து இரண்டு மூன்று தடவை ஆடி அசைந்து உட்கார்ந்த பிறகுதான் மூடியது. தகட்டை அரை மில்லி வளைத்தேன், மூன்றேகால் ஆகிவிட்டது. அப்புறம் பந்தைத் தள்ளிவிடும் காயிலின் நைலான் குழாயை மாற்றினேன், இரண்டரைக்கு வந்தது. ஒரு ஆட்டத்தில் ஆறு தடவை பந்து விழுந்தால் பதின்மூன்று விநாடி மிச்சம். அறுபது விநாடி ஆட்டத்தில் பதின்மூன்று! பந்துக் கணக்கு மெஷின் என்றால் இதை யாருமே கவனித்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது சோதனை, நேரம் கூட்டித் தருகிற அல்லது கடிகாரத்தை நிறுத்தி வைக்கிற இலக்குகள். உங்கள் மாடலில் எவை எவை என்று பலகையில் அச்சடித்தே இருக்கும். பலகையைத் தூக்காமல், மேல் கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டு, பந்தைக் கையில் பிடித்து ஒவ்வொரு இலக்கையும் மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை, ஓரத்தில் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். ஓரத்தில் பட்டால் பதிவாகாத இலக்கு, சம்பாதித்த நேரத்தை ஏமாற்றுகிற இலக்கு. பின்னால் இருக்கும் இரண்டு தகடுகளுக்கு இடையில் ஒன்றரை மில்லி அளவுக்கு இடைவெளி வைத்தேன், சரியாக இருக்கிறது. ரொம்ப நெருக்கினால் பந்தைத் தட்டிவிடும் பக்கத்து பம்பர் அதிர்ந்தாலே பதிவாகும், அது நண்பர்களுக்குள் சண்டையில் முடியும்.

ஃபிளிப்பருக்கு இங்கேதான் நாம் கொடுத்து வைத்தவர்கள். வெளிநாட்டுக்காரர்கள் காயிலுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருப்பார்கள், நமக்கு மலை இறங்கினால் கோவை. பம்பு மோட்டார் ஊர், தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை. ஃபிளிப்பர் காயிலில் இரண்டு தனிச் சுருள் இருக்கும் என்பதை மட்டும் கடைக்காரருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்: தடித்த கம்பியில் குறைந்த சுற்று, அது பந்தை அடிப்பதற்கு. மெல்லிய கம்பியில் நிறையச் சுற்று, அது தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு. ஃபிளிப்பர் மேலே போய் முட்டும்போது ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச் திறக்கும், திறந்ததும் கரண்ட் இரண்டு சுருள் வழியாகவும் போய்க் குறைந்துவிடும். அந்த சுவிட்ச் திறக்காவிட்டால் காயில் எரியும். அதில் அழுக்கு இருந்தால் ஃபிளிப்பர் செத்த மாதிரி அடிக்கும். புதுக் காயில் போடுவதற்கு முன்னால் இந்த சுவிட்சைப் பாருங்கள், பாதி நேரம் கோளாறு அங்கேதான். எனக்கு முதலில் சுற்றிக் கொடுத்த கடையில் 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்று ஒரே கம்பியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தாங்கவில்லை. இப்போது பழைய காயிலைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து சுற்றை எண்ணுகிறேன். டீ வாங்கிக் கொடுத்தால் அவரும் கோபப்படுவதில்லை.

பந்து பேரிங் கடையில் கிடைக்கும், 1 1/16 இன்ச், அதாவது 27 மில்லி. கொஞ்சம் பெரியதைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அளவு சரியாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள், மலை ஈரத்தில் ஒரு மழைக்காலத்தில் பந்தின் மேல் புள்ளி புள்ளியாகத் துரு வரும், அந்தத் துருப் பந்து பலகையின் பெயின்டை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். பலகைக்குக் கார்னோபா (ஒரு பனை வகையின் இலை) மெழுகு, காருக்குப் போடுவதில் தேய்ப்பான் கலக்காதது. அப்புறம், ஆட வருகிறவர்களுக்கு ஊட்டி வர்க்கி கொடுப்பதாக இருந்தால் ஆட்டம் முடிந்த பிறகு கொடுங்கள். அந்த நெய்க் கையோடு ஃபிளிப்பர் பட்டனைத் தொட்டால் அடுத்த மாதம் பட்டன் ஒட்டும்.

சாய்மானம். ரிலே காலத்து மெஷின்களுக்கு மூன்றரை டிகிரி, எண்பதுகளுக்கு அப்புறம் வந்தவற்றுக்கு ஆறரை. டிகிரி மானி தேட வேண்டாம், கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்குங்கள். குறுக்கில் வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்படி கால் திருகுகளைச் சரி செய்துவிட்டு, நீளவாக்கில் 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு 18 மில்லி உயர்ந்தால் மூன்றரை டிகிரி, 34 மில்லி என்றால் ஆறரை. எனக்கு மூன்றரை கொஞ்சம் மந்தம். பந்து மேலே மிதந்துகொண்டே நேரத்தைத் தின்கிறது, அதனால் 21 மில்லி வைத்திருக்கிறேன். பழைய பங்களாக்களில் மரத்தளம் என்றால் மழைக்கு ஒரு சாய்வு, வெயிலுக்கு ஒரு சாய்வு, மாதம் ஒரு தடவை பாருங்கள்.

உங்களுடையது ஜேம்ஸ் பாண்ட் 007 மாதிரி சிப்பு வைத்த மெஷின் என்றால் மேலே சொன்ன எதையும் தொடுவதற்கு முன், தலைப்பெட்டியைத் திறந்து மெயின் போர்டில் ஒட்டியிருக்கும் பேட்டரியைப் பாருங்கள். அந்தக் காலத்து நிக்கல் காட்மியம், கசியும், கசிந்து பச்சை பூத்து போர்டின் தடங்களை அரித்துவிடும். பேட்டரியைக் கத்தரித்து எடுத்துவிட்டு, வினிகரால் துடைத்து, தண்ணீரால் கழுவி, நன்றாகக் காய வைத்து, பிறகுதான் பவர். அந்த மெஷின் ஏன் அவ்வளவாக எடுபடவில்லை என்று பலர் பல காரணம் சொல்வார்கள். மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்தான் செய்தார்கள். என் கணிப்பில், மூன்று பந்துக்குப் பழகினவன் கையில் திடீரென்று கடிகாரத்தைக் கொடுத்தால் அவனுக்குப் பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்திருக்கும், அவ்வளவுதான்.

தலைப்பெட்டியின் முகப்பில் இருக்கும் படம் போட்ட பின்கண்ணாடியைத் தண்ணீர் வைத்துத் துடைக்காதீர்கள். படம் வரைந்திருப்பது கண்ணாடியின் உள்பக்கம், ஈரத்திலும் பல்பின் சூட்டிலும் செதில் செதிலாக உரியும். வெளிப்பக்கம் மட்டும் துணி. உள்ளே 44 நம்பர் பல்பு இருந்தால் 47க்கு மாற்றுங்கள், 250 மில்லி ஆம்பியருக்குப் பதில் 150தான் இழுக்கும், சூடும் குறையும்.

ஆடுவது. பந்துக் கணக்கில் நல்ல ஆட்டக்காரர் என்று பேர் வாங்கினவர்கள் முதல் நாள் இதில் தோற்பார்கள். அவர்கள் பந்தை ஃபிளிப்பரில் பிடித்து நிறுத்தி, யோசித்து, குறி பார்த்து அடிப்பார்கள். அங்கே அது திறமை, இங்கே அது செலவு. பந்து வருகிற வேகத்திலேயே அடிக்கப் பழகுங்கள், குறி ஐந்தில் மூன்று தடவை பட்டாலே லாபம். பந்து குழிக்குப் போகிறது என்று தெரிந்துவிட்டால் அதைக் காப்பாற்ற மெஷினை உலுக்கி டில்ட் (அதிகம் ஆட்டியதற்கு மெஷின் தரும் தண்டனை) வாங்கிக்கொள்ளாதீர்கள், போகட்டும், இரண்டரை விநாடிதான். அது விழுவதற்குள் உங்கள் வலது கை பிளஞ்சரில் இருக்க வேண்டும். பிளஞ்சர் கம்பியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு இழுத்தால் நேரம் கூட்டும் பாதைக்கு நேராகப் போகிறது என்று. கடிகாரம் நிறைய இருக்கும்போது புள்ளிக்கு ஆடுங்கள், கடைசி இருபதில் நேரத்துக்கு ஆடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் நேர் எதிர். ஆரம்பத்திலேயே நேரத்தைச் சேர்த்துவிட வேண்டும், கடைசியில் கை நடுங்கும்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். ஞாயிறு மத்தியானம் ஆறேழு பேர் கூடுவோம். கோத்தகிரியில் இருந்து தேயிலை ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர், மலை ரயிலில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன மாமா ஒருவர், வெலிங்டன் பக்கத்தில் இருந்து இரண்டு காலேஜ் பசங்கள், இப்படி. எல்லாக் கசிவையும் அடைத்த பிறகு ஒருநாள் மாமா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, 'ஏப்பா, உன் அறுபது அறுபது இல்லையே' என்றார். ஸ்டாப்வாட்ச் வைத்தோம். எழுபத்திரண்டு. காரணம் யோசித்தால் ரொம்ப எளிது: கடிகாரத்தை நகர்த்துவது ஒரு சின்ன ஏ.சி. மோட்டார், அதன் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது, 60இல் ஓட வேண்டியது 50இல் ஓடுகிறது, ஆறு பங்கில் ஐந்து பங்கு வேகம். அறுபது விநாடி எழுபத்திரண்டு ஆகிவிடும். வோல்டேஜ் குறைந்த மாலைகளில் எழுபத்துமூன்று, எழுபத்துநான்குகூட வந்தது. மோட்டார் வைத்த மெஷினுக்குத்தான் இந்தக் கணக்கு, சிப்பு வைத்த மெஷினில் கடிகாரம் போர்டில் இருக்கும் கிரிஸ்டலில் ஓடும், அதற்கு ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை இல்லை.

சரி செய்ய வழி இருக்கிறது. சோலாருக்கு விற்கிற சில இன்வெர்ட்டர்களில் 50, 60 இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம், பியூர் சைன் வேவ் வகையாகப் பார்த்து 60இல் வைத்தால் மோட்டாரும் சரியாகும், டிரான்ஸ்ஃபார்மர் சூடும் குறையும், கரண்ட் கட்டிலும் ஆடலாம். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஃபேக்டரியில் கழற்றிய ஒன்றைக் கொண்டுவந்து போட்டும் காட்டினார், அறுபது என்றால் அறுபது. ஆனால் இத்தனை வருடம் சாக்கட்டியால் சுவரில் எழுதி வைத்த ஸ்கோர் எல்லாம் எழுபத்திரண்டு விநாடியில் எடுத்தது, அதில் முதல் இடம் மாமாவுடையது. கண்டுபிடித்ததும் அவர்தான், இன்வெர்ட்டர் வேண்டாம் என்று அடம் பிடிப்பதும் அவர்தான். பசங்கள் இரண்டு பேரும் 60 வேண்டும் என்கிறார்கள். இப்போதைக்குச் சுவரில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் 'குன்னூர் நிமிஷம்', வலப்பக்கம், இந்த மெஷின்கள் பிறந்த ஊர் பெயரில், 'சிகாகோ நிமிஷம்' என்று எழுதி வைத்திருக்கிறோம். மாமா வலப்பக்கத்தில் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.